காலி அறையில் யார் போட்ட நாற்காலி?

ஆம்ஸ்டர்டாமில் பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263ஆம் எண் கட்டடம். அதன் பின்கட்டுக்கு வழி, ஒரு புத்தக அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை எட்டு யூதர்கள் அங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள். டைரி எழுதிய ஆன் ஃபிராங்க் அவர்களில் ஒருத்தி. இன்று உள்ளே போனால் கட்டிலும் இல்லை, மேசையும் இல்லை. எட்டுப் பேரும் பிடிபட்டபின் சாமான்களை நாஜிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உயிரோடு திரும்பிய ஒரே ஆள் ஆனின் அப்பா ஓட்டோ. அறைகள் காலியாகவே இருக்கட்டும் என்றார் அவர். 1960இல் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கின்றன. ஆன் தன் அறைச் சுவரில் ஒட்டிய சினிமா நட்சத்திரங்களின் படங்கள் இன்னும் இருக்கின்றன.

2018இல் அதே அருங்காட்சியகம் ஒரு மெய்நிகர் செயலியை வெளியிட்டது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நுழைந்தால் கட்டில், மேசை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அந்தச் செங்குத்துப் படிகளில் ஏற முடியாதவர்களும், நெதர்லாந்தையே பார்த்திராத பிள்ளைகளும் பின்கட்டுக்குள் நடமாடலாம்.

படம் என்று தெரிந்தும் அறைக்குள் நிற்பதாகவே நமக்குத் தோன்றுவது ஏன்? நம் இரு கண்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே மாறுபட்ட காட்சியைப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. இதை 1838இலேயே இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு படங்களையும் கண்ணாடிகளையும் வைத்துக் காட்டிவிட்டார். ஹெட்செட் கூடுதலாகச் செய்வது, தலையைப் பின்தொடர்வது. நீங்கள் கழுத்தைத் திருப்பினால் உள்ளிருக்கும் உணரிகள் அதை உடனே அளக்க, ஏறத்தாழ 20 மில்லி விநாடிக்குள் புதுக் காட்சி வந்துவிட வேண்டும். தாமதமானால் கண் ஒன்று சொல்லும், உட்காது வேறொன்று சொல்லும். ஓடும் பஸ்ஸில் புத்தகம் படித்தவர்போல் குமட்டும். 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் செய்த முதல் கருவி, உட்கூரையில் மாட்டித் தொங்கவிட வேண்டிய அளவுக்குக் கனம். இன்று பள்ளிப் பையிலேயே வைத்துவிடலாம்.

பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. பாடம் மண்டையில் ஏறுமா என்பது வேறு கேள்வி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஜோசலின் பரோங், ரிச்சர்ட் மேயர் இருவரும் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரத்த ஓட்டம் பற்றிய ஒரே பாடத்தை ஒரு குழு மெய்நிகரில் பார்த்தது, இன்னொரு குழு சாதாரண ஸ்லைடுகளில் படித்தது. ஆர்வத்தில் முந்தியது மெய்நிகர் குழு. மதிப்பெண்ணில் முந்தியது ஸ்லைடு குழு. ஆனால் நடுநடுவே நிறுத்தி, பார்த்ததைச் சுருக்கி எழுதச் சொன்னபோது மெய்நிகர் மாணவர்களும் தேறினார்கள். அது உயிரியல் பாடம்தான். இருந்தாலும் கண்ணுக்கு விருந்து நடக்கையில் யோசிக்க இடைவெளி கிடைக்காது என்பது சரித்திர வகுப்புக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

என்னை அதைவிடக் கவலைப்படுத்துவது இன்னொரு ஆய்வு. 2009இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளுக்கு, திமிங்கிலங்களோடு நீந்துவது போன்ற மெய்நிகர் காட்சியைக் காட்டினார்கள். சில நாள் கழித்துக் கேட்டபோது, தாங்கள் நிஜமாகவே நீந்தியதாகச் சில பிள்ளைகள் சொன்னார்கள். திமிங்கிலத்தோடு நீந்தியதாக நம்பினால் பெரிய நஷ்டமில்லை. ஒரு போர்க்களத்தை, ஓர் அரண்மனையை, யாரோ ஊகித்து வரைந்ததை 'நானே பார்த்தேன்' என்று ஒரு குழந்தை நம்பினால்?

பாடப்புத்தகம் 'இருந்திருக்கலாம்' என்று எழுதித் தப்பிக்கும். மெய்நிகர் காட்சிக்கு அந்த வசதி கிடையாது. சுவருக்கு ஏதாவதொரு நிறம் பூசியாக வேண்டும், நாற்காலியை எங்காவது போட்டாக வேண்டும். இந்தச் சங்கடத்துக்காகத்தான் 2006இல் 'லண்டன் சாசனம்' உருவானது. கணினியில் பழங்காலத்தை மீட்டெழுப்புகிறவர்கள், எதற்குச் சான்று இருக்கிறது, எது ஊகம் என்பதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி வைக்க வேண்டும் என்கிறது அது. நியாயமான விதி. ஆனால் ஹெட்செட்டுக்குள் எல்லாமே ஒரே பளபளப்போடு தெரியும்போது விதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் பள்ளிக்கு ஹெட்செட் வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பத்து நிமிடம் காட்டுங்கள், கழற்றச் சொல்லுங்கள், நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். பார்த்தவற்றில் எதற்குச் சான்று இருக்கும், எதைக் கலைஞர் தானே சேர்த்திருப்பார் என்று பிள்ளைகளே இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதட்டும். அதன்பிறகு ஆன் ஃபிராங்கின் அந்தக் காலி அறையின் புகைப்படத்தையும் காட்டிவிடுங்கள்.