பரண் போய்ப் பஞ்சாயத்து வந்தது

பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் நின்று ஒரு சாயா குடிப்பார்கள். உருண்டைப் பாறைகளுக்கு இடையில் ஓடும் ஆற்றில் கால் நனைப்பார்கள். நேரமிருந்தால் மீன்முட்டி அருவி வரை நடப்பார்கள். அதற்கு மேல் 22 கொண்டையூசி வளைவுகள். ஏற ஏற மூடுபனி வரும், கீழே விட்டு வந்த ஊர் மறந்துபோகும். ஆனால் திருவனந்தபுரம் மாவட்டம், நெடுமங்காடு வட்டத்து மலையடிவார ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகு வேறொரு பேச்சு தொடங்கும்: இன்றைக்கு யார் விளையில் பன்னி இறங்கும்?

மரச்சீனி நட்டவருக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். பத்து மாதம் வளர்த்த கிழங்கை ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழுது போட்டுவிடும். தின்றதைவிடக் கிளறி எறிந்தது அதிகமாக இருக்கும். சேம்பு, சேனை, வாழைக்கன்று எதுவும் மிஞ்சாது.

அன்றும் பன்றி இருந்தது. ஆனால் விளையில் ஆளும் இருந்தான். காட்டுக்குள் வாழ்ந்த காணிக்காரர்கள் மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி, யானைக்கு எட்டாத உயரத்தில் இருந்து பயிரைக் காத்தார்கள். அடிவாரத்து விவசாயி நாலு கம்பு நட்டுப் பரண் போட்டான். தகரம் தட்டுவான், பந்தம் காட்டுவான், இரவு முழுக்க ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குக் கூவிக்கொண்டிருப்பான். விளைந்து நிற்கும் மாதங்களில் வீட்டு ஆண்கள் வீட்டில் படுப்பதே இல்லை. துப்பாக்கி என்பது அந்தக் காவலின் கடைசிப் படி. கையில் இருந்ததும் பெரும்பாலும் குழல் வாயில் கருமருந்து இடித்து, ரவை போட்டுச் சுடும் பழைய ரகம்.

அந்தத் துப்பாக்கிக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று தனியாகவே சொல்கிறது. நாட்டின் சட்டம் விவசாயியின் பரணை நினைவில் வைத்திருந்தது என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

வேட்டைக்கும் உரிமம் இருந்தது. இன்றைய தலைமுறைக்கு நம்ப முடியாத செய்தி இது. காட்டுயிர்களைக் காக்க வந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டமே தொடக்கத்தில் வேட்டை உரிமங்களை வகை பிரித்து வைத்திருந்தது: சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, பொறி வைத்துப் பிடித்தல் என நான்கு. கட்டணம் கட்டி, சுட்டதற்குக் கணக்கு ஒப்படைத்தால் போதும். 1991-இல் வந்த திருத்தம் அந்த நான்கையும் எடுத்துவிட்டது. அதன் பிறகு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் என்ற பேச்சே இல்லை. விவசாயிக்கு முக்கியமாக மிச்சமிருந்தது 11-ஆம் பிரிவு: மனித உயிருக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல தலைமை வனவிலங்குக் காவலர் எழுத்தில் அனுமதி தரலாம்.

அந்த எழுத்து திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பன்றி இரண்டு போகம் தின்றுவிடும் என்பதுதான் மலையோர விவசாயிகளின் நெடுநாள் குறை.

இன்று நிலைமை வேறு. 2022 மே மாதம் கேரள அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. பஞ்சாயத்துத் தலைவர், நகரசபைத் தலைவர், மேயர் ஆகியோரைக் கௌரவ வனவிலங்குக் காவலர்களாக்கி, காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்களிடமே கொடுத்தது. ஓராண்டுக்கென்று தொடங்கிய ஏற்பாடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. நஞ்சு கூடாது, வெடி கூடாது, மின்சாரக் கம்பி கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கி மட்டுமே. தலைநகரில் இருந்த பேனா ஊருக்கே வந்து சேர்ந்தது.

அடுத்து 2025-இல் இன்னும் ஒரு படி. அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றியது. மனிதரைத் தாக்கும் விலங்கை, மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை வனப் பாதுகாவலரின் அறிக்கையின் பேரில், காலம் கடத்தாமல் கொல்ல உத்தரவிடலாம் என்கிறது அது. இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கு ஓரிடத்தில் பெருகித் தொல்லையானால், அதை அந்த இடத்துக்கு மட்டும் தீங்குயிர் என்று அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு வேண்டும் என்றும் கேட்கிறது. இப்போது அந்த அதிகாரம் மத்திய அரசின் கையில். உத்தரகாண்டில் காட்டுப்பன்றிக்கும், பீகாரில் நீல்காய்க்கும், இமாசலத்தில் குரங்குக்கும் முன்பு அந்த அறிவிப்பைத் தந்த டில்லி, கேரளம் பலமுறை கேட்டும் பன்றிக்குத் தரவில்லை. 1976-இல் 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் காட்டையும் காட்டுயிரையும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். சுடுகிறவர் வனத்துறை ஊழியர். கேரளத்தில் சுடுகிறவர் உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் ஊர்க்காரர். ஒரே மலைத்தொடரின் இரண்டு சரிவுகளில் இரண்டு நம்பிக்கைகள்.

ஊர்க்காரரை நம்பிய கேரளத்தில்தான் ஒரு சிக்கல். சுட ஆள் இல்லை. உரிமம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் வயதானவர்கள் பலர். ஒரு பஞ்சாயத்தில் ஆள் கிடைக்காமல் பக்கத்துப் பஞ்சாயத்திலிருந்து அழைக்க வேண்டியிருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பன்றிக்கு நடத்தை விதி தெரியாது; அந்த மாதங்களிலும் அது விளைக்கு வரும்.

சுட்ட பிறகு நடப்பதும் மாறிவிட்டது. அன்று ஒரு பன்றி விழுந்தால் ஊரே பங்கு வைக்கும். இன்று அந்த இறைச்சி அரசின் சொத்து, எடுத்தால் வழக்கு. வனத்துறைக்குத் தகவல் சொல்லி, மகஜர் எழுதி, யாரும் தோண்டி எடுக்காதபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கிறார்கள். பட்டினியை அறிந்த மூத்தவர்கள் அந்தக் குழியருகே நிற்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் விளையில்தான். பரண்கள் போய்விட்டன. பிள்ளைகள் வளைகுடாவுக்கும் நகரத்துக்கும் போனார்கள். கிழங்கு விளைந்த சரிவுகளில் ரப்பர் ஏறியது. ரப்பர் விலை சரிந்தபோது பால் வெட்டுவதை நிறுத்திய தோட்டங்களில் அடிக்காடு ஆள் உயரத்துக்கு மண்டியது. பன்றிக்குப் பகலில் படுக்க அதைவிட நல்ல இடம் காட்டிலும் இல்லை. அது காட்டிலிருந்து இறங்கி வருவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். பல ஊர்களில் அது நம் தோட்டத்திலேயே பிறந்து வளர்கிறது.

துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது என்பதற்குக் கல்லாற்றிலேயே ஒரு வீடு இருக்கிறது. நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலேயே வைத்திருக்கும் காணி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவின் வீடு. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய மகன் ஒருவரைக் காட்டானை கொன்றது. அதன் பிறகும் அவர் காட்டை விட்டு இறங்கவில்லை. அவர் நெடுங்காலமாகக் கேட்டது, தன் குடிக்கு நல்ல சாலை. யானையும் பன்றியும் இருக்கும் இடத்தில் வாழ்கிறவர்களுக்கு வேண்டியவற்றில் தோட்டா ஒன்று; அதற்கு முன்னால் சாலை, விளக்கு, விளையில் கண்விழித்திருக்கும் ஆள் என்று நீண்ட பட்டியல் உண்டு.

விவசாயியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதிகாரம் ஊருக்கு வந்ததும் நல்லதே. ஆனால் அன்றைய விவசாயியைக் காப்பாற்றியது துப்பாக்கி என்று நினைப்பது பிழை. அவனைக் காத்தது பரண். துப்பாக்கி அதில் சாய்த்து வைத்திருந்த ஒரு பொருள். சட்டம் இன்று துப்பாக்கியை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. காவலைக் கொடுக்க அதற்கு வழி தெரியவில்லை. சுடுகிறவருக்குக் கூலி நிர்ணயிக்கிற அரசு, இரவில் முறைவைத்து விழித்திருக்கும் காவல்காரருக்கும் கூலி தரலாம். வேலியைப் பத்துப் பேர் தனித்தனியாகப் போடாமல் ஒரு சரிவு முழுக்கச் சேர்த்துப் போட உதவலாம்.

டில்லியின் ஒப்புதல் எப்போது வந்தாலும் வரட்டும். கைவிட்ட ரப்பர் தோட்டங்களின் அடிக்காட்டை வெட்ட யாருடைய ஒப்புதலும் வேண்டாம். மலையோரப் பஞ்சாயத்துகள் அந்த வேலையை அடுத்த இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் தொடங்கட்டும்.