பீர் காய்ச்சும் உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிடலாமா?

பள்ளி விடுமுறை தொடங்கினால் ஜொகூர் கடற்பாலத்தில் கார்கள் நகராமல் நிற்கும். விலங்குத் தோட்டம், செந்தோசா, சிராங்கூன் சாலை என்று போகும் குடும்பத் திட்டத்தில், சில வீடுகளில் கல்லூரிப் பிள்ளைகள் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள்: பீர் காய்ச்சும் உணவகம். “சாராயக் கடைக்குக் குடும்பத்தோடு போவதா?” என்று பாட்டி கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.

பாட்டியின் தயக்கத்தைப் பழைமை என்று ஒதுக்கிவிட முடியாது. கள்ளுக்கடை தோட்டத்துக்கு உள்ளேயே இருந்த காலத்தில், சம்பளம் வீடு வந்து சேருமா என்று லயத்தில் காத்திருந்தவர்கள் பெண்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகவே இறங்கிப் போராடியது. இந்த நினைவுள்ள ஒருவரை உணவகத்துக்கு அழைக்கும்போது, அது என்ன இடம் என்று முதலில் விளக்கிச் சொல்வதுதான் மரியாதை.

அது முதலில் ஓர் உணவகம். பீரைத் தொழிற்சாலையிலிருந்து வாங்காமல் அங்கேயே காய்ச்சுகிறார்கள். சிங்கப்பூரின் மரினா பே நிதி மையத்தில் 33ஆவது மாடியில் இருக்கும் ‘லெவல் 33’ இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். சாப்பிடுபவர்களின் கண்முன்னே பெரிய செப்புக் கொப்பரைகள் நிற்கின்றன; சன்னலுக்கு வெளியே கடல்முகம் தெரிகிறது.

கொப்பரைக்குள் நடப்பது எளிமையானது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்துச் சுடுநீரில் ஊறவைப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். காய்ச்சும் நாளில் போனால் ஹார்லிக்ஸ் கலக்கும் வாசம் அடிக்கும். இரண்டிலும் இருப்பது அதே மால்ட். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை மதுவாகிறது. ‘ஏல்’ வகைக்கு ஓரிரு வாரம், குளிரில் புளிக்கும் ‘லாகர்’ வகைக்குப் பல வாரம். கள்ளுக்கு இவ்வளவு வேலை இல்லை. பாளையில் வடியும் சாறு சில மணி நேரத்தில் தானாகவே புளித்துவிடும். ஆனால் போதையின் அளவில் இரண்டும் பெரிதாக வேறுபடுவதில்லை. பீர் பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு.

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் அந்த வயது 21. ஆகவே 19 வயது மகனுக்குச் சிங்கப்பூரில் கிடைப்பது ஜொகூர் பாருவில் கிடைக்காது. இதைக் குடும்பத்துக்குள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மேசையில் வைத்து வாதாடும் விஷயமல்ல. சிறு பிள்ளைகளைச் சில உணவகங்கள் இரவு நேரத்தில் அனுமதிப்பதில்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம். மதிய நேரம்தான் குடும்பத்துக்குத் தோது.

உணவுப் பட்டியலையும் நிதானமாகப் படிக்கவேண்டும். மீன் பொரிக்கும் மாவிலும் இறைச்சிக் குழம்பிலும் பீர் ஊற்றுவது இங்கே வழக்கம். சமைப்பதால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. சாசேஜில் பன்றி இறைச்சியா, மாட்டிறைச்சியா என்று கேட்கத் தயங்கக் கூடாது. மது பரிமாறும் இடங்களுக்கு ஹலால் சான்றிதழ் கிடையாது. ரூட் பீரில் மது இல்லை என்பது ஏ அண்ட் டபிள்யூ கடையில் சாப்பிட்டு வளர்ந்த நமக்குத் தெரியும். இஞ்சி பீர் அப்படியல்ல. சிலவற்றில் மது உண்டு.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால், பல மணி நேரம் கழித்துக்கூட சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தள்ளாட்டமும் குழறலும் போதை போலவே தெரிவதால் பக்கத்தில் இருப்பவர்கள் தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், கார் ஓட்டுபவருடையது. சிங்கப்பூரில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை சட்டம் பொறுத்துக்கொள்கிறது. மலேசியாவில் 2020 அக்டோபர் முதல் அது 50 மில்லிகிராம். அதாவது உட்லண்ட்ஸ் பக்கம் குற்றமில்லாமல் ஓட்டிவந்த அதே அப்பா, பாலத்தைத் தாண்டியதும் குற்றவாளியாகலாம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. உயிர்ச்சேதம் ஏற்பட்டால் 10 முதல் 15 ஆண்டு சிறை. அரை லிட்டர் பீரில் ஏறக்குறைய 20 கிராம் மது இருக்கிறது. அதைக் கரைக்கக் கல்லீரலுக்கு 2, 3 மணி நேரம் வேண்டும். காப்பியும் குளியலும் அதை விரைவுபடுத்தாது. “ஒன்றுதானே” என்ற கணக்கு இங்கே செல்லாது. ஓட்டுபவர் தொடவே கூடாது. இல்லையென்றால் குவீன் ஸ்திரீட்டிலிருந்து லார்க்கின் செல்லும் 170 பேருந்து இருக்கிறது.

மிச்சத்தைப் புட்டியில் வாங்கி விடுதிக்கு நடந்துபோகும் வழியில் குடிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. நம்மவர்கள் அதிகம் தங்கும் லிட்டில் இந்தியாவில், 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பின் வந்த சட்டத்தால், வார இறுதியில் பகலிலும் தடை உண்டு.

பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 100 சிங்கப்பூர் வெள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டால் ரசீதில் 119 வெள்ளி 90 காசு வரும். அதை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்த பிறகு, பாட்டி சிராங்கூன் சாலை வாழை இலைச் சாப்பாட்டையே கேட்டால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.