மூங்கிலுக்கு வயது பார்க்க வேண்டும்

பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து தே குடித்துக்கொண்டே மூங்கிலைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். 1881இல் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்தது. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற வீடுகள் சாம்பலாயின. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. 1884இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்றார். அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட இடம்தான் இந்தப் பகுதி. அன்றிலிருந்து நம் மனத்தில், செங்கல் என்றால் வீடு, மூங்கில் என்றால் பந்தல்.

இங்கிருந்து பக்கத்தில்தான் பெர்டானா தாவரவியல் பூங்கா. அங்கே ஏரியைப் பார்த்தபடி, கட்டடக் கலைஞர் எலீனா ஜமீல் வடிவமைத்த மூங்கில் மண்டபம் நிற்கிறது. அதைப் பார்த்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று: “நம் வீட்டில் போட்ட பந்தல் மூங்கில் ஓராண்டில் உளுத்துப்போகிறதே, இது மட்டும் எப்படி நிற்கிறது?” பதில் காட்டிலிருந்து தொடங்குகிறது.

கெப்போங்கில், ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில் 1929இல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிலையம், இன்று ஃப்ரிம் என்று அறியப்படுகிறது. தீபகற்ப மலேசியாவின் மூங்கில்களைப் பற்றி வோங் கூன் மெங் எழுதிய அடிப்படை நூலை 1995இல் வெளியிட்டதும் அதுதான். நாட்டில் ஏறத்தாழ 70 வகை மூங்கில்கள் உண்டு. அவற்றில் தீபகற்பத்தில் அதிகம் வெட்டப்படுவது ‘செமந்தான்’ என்ற வகை. மரம் வெட்டிய காடுகளில் அது தானாகவே பரவும். மரக்கன்றுகளை எழவிடாத களை என்றே வனத்துறையினர் அதை நெடுங்காலம் நினைத்தார்கள். சாத்தே குச்சியும் பல்குச்சியும் காய்கறிக் கூடையும் ஆவது அதுதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சிக்கு ஆயுள் வேண்டியதில்லை. தூணுக்கு வேண்டும்.

மூங்கில் புல் வகை. மரம் ஆண்டுதோறும் பருக்கும், மூங்கில் பருக்காது. மண்ணைப் பிளந்து வரும் குருத்தின் பருமன்தான் கழியின் பருமன். சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் உள்ளே முற்றும். இளநீர்க் காயும் தேங்காயும் அளவில் ஒன்றாகத் தெரிவதைப் போல, ஒரு வயதுக் கழியும் நான்கு வயதுக் கழியும் தூரத்தில் ஒன்றாகவே தெரியும். கிட்டே போனால்தான் வித்தியாசம். இளங்கழியில் கணுவருகே உறை ஒட்டிக்கொண்டிருக்கும்; தண்டில் வெள்ளைப் பொடி இருக்கும், தேய்த்தால் விரலில் ஒட்டும். முற்றிய கழியில் பச்சை மங்கிச் சாம்பல் திட்டுகள் படர்ந்திருக்கும். பாராங் கத்தியின் முதுகால் தட்டினால் கணீரென்று கேட்கும்.

குறுக்கே அறுத்த துண்டு கிடைத்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். கரும்புள்ளிகள் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்பக்கம் அரிதாகவும் இருக்கும். அந்தப் புள்ளிகளில்தான் நார் இருக்கிறது. காற்று வளைக்கும்போது இழுவை அதிகம் விழுவது வெளிவிளிம்பில். அதனால் அங்கேதான் நாரும் குவிந்திருக்கிறது. ஆனால் இந்த நார்கள் எல்லாம் நீளவாக்கில் ஓடுபவை. ஆணி அடித்தால் கழி நெடுக்கப் பிளக்கும். அதனால் துளையிட்டுப் போல்ட் முடுக்குகிறார்கள். பாரம் தாங்கும் இடத்தில் கணுக்களுக்கு நடுவே சிமெண்டுக் கலவை நிரப்புகிறார்கள்.

சரி, முற்றியதை மட்டும் வெட்டினால் போதுமே என்பீர்கள். சிக்கல் அங்கேதான். வெப்பமண்டல மூங்கில் தூறு கட்டி வளரும். புதுக் குருத்துகள் தூறின் வெளிவட்டத்தில் வரும். முற்றியவை நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். கழிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் என்ன செய்வார்? கைக்கு எட்டியதைத்தான் வெட்டுவார். எட்டுவது இளசு. அது காயும்போது சுருங்கும், வெடிக்கும். நடுவில் கிழம் தட்டியவை அடைத்துக்கொள்ள, தூறும் நலியும். ஒரு பக்கம் வழி திறந்து, குதிரை லாட வடிவில் உள்ளே போய் முற்றியதை எடுத்து, இளசை விடுவதுதான் முறை. இப்படி வெட்டினால் ஒரே தூறு ஆண்டுக்கு ஆண்டு கழி தரும்.

அடுத்த சிக்கல் கழிக்குள் இருக்கும் மாவுச்சத்து. அதைத் தேடி வரும் டைனோடெரஸ் என்ற சிறு வண்டு கழியைத் துளைத்துத் தூளாக்கும். அந்த நாளில் குளத்தில் ஊறப்போட்டு மாவுச்சத்தை வெளியேற்றினார்கள். இன்று கணுக்களைத் துளைத்துப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். கழியில் ஊறிய இந்த உப்பு மழையில் கரைந்துவிடும். அதனால் இறவாரம் அகலமாக இருக்க வேண்டும், தூணின் கால் மண்ணில் படக் கூடாது.

தீயைப் பற்றிய பயமும் நியாயமானதே. உள்ளே பொள்ளலான மெல்லிய சுவர் விரைவில் எரியும். மூங்கில் கட்டுமானத்துக்கான ஐ.எஸ்.ஓ. 22156 தரநிலையும் 2021 திருத்தத்தில் இரண்டு மாடி, 7 மீட்டர் உயரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. அடுக்குமாடி கட்ட மூங்கில் வேண்டாம். கிள்ளான் வீட்டுக் கொல்லையில் ஒரு குடிலோ, பள்ளி வளாகத்தில் ஒரு திறந்த மண்டபமோ தாராளமாகக் கட்டலாம்.

அதனால் மூங்கில் வாங்கும்போது விலைக்கு முன்னால் வயதைக் கேளுங்கள். எதில் ஊறவைத்தார்கள் என்று கேளுங்கள். மூங்கில் நடுவதற்குத் திட்டங்கள் வருகின்றன, வரட்டும். ஆனால் தூறுக்குள் நுழைந்து முற்றியதைத் தேர்ந்து எடுப்பவருக்கு அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கிடைக்காதவரை, சந்தைக்கு வருவது இளங்கழியாகவே இருக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் எவ்வளவு வலு அளந்தாலும் அது நம் தூணுக்கு வந்து சேராது. முற்றிய கழிக்குக் கூடுதல் விலை கொடுக்க நாம் தயாரானால் வீடும் நிற்கும், காடும் நிற்கும்.