வெயிலைச் சேமிக்கும் சுவர்

கண்மணிகளே, லடாக்கில் உள்ள ஒரு கட்டடத்தைப் பற்றி இன்று பேசுவோமா?

லே நகரத்துக்குக் கொஞ்ச தூரத்தில், சிந்து நதிக்கரையில், பே என்று ஓர் ஊர். அங்கே மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. பெயர் செக்மோல். சோனம் வாங்சுக் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர்களும் 1988-ல் தொடங்கிய அமைப்பு அது. ஜனவரி இரவில் அங்கே வெளியே மைனஸ் 15 டிகிரி குளிர் இருக்கும். வாளியில் தண்ணீர் வைத்தால் காலையில் பனிக்கட்டிதான். ஆனாலும் உள்ளே பிள்ளைகள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படிக்கிறார்கள். ஹீட்டர் கிடையாது. விறகும் எரிவதில்லை.

எப்படி என்று கேட்கிறீர்கள் அல்லவா? சபாஷ்! அப்படித்தான் கேட்க வேண்டும்.

லடாக்கில் குளிர்காலம் என்றால் செலவுக்காலம். மலைக் கணவாய்கள் பனியில் மூடிக்கொள்ளும். அதற்கு முன்பே விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்த்து வைக்க வேண்டும். 'புகாரி' என்னும் இரும்பு அடுப்பு அத்தனையையும் தின்றுவிடும். ஆனால் அங்கே மழை மிகவும் குறைவு. குளிர்காலத்திலும் பெரும்பாலான நாள்களில் பளிச்சென்று வெயில் அடிக்கும். அந்த வெயிலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை!

செக்மோல் நம்பியிருப்பதும் அந்த வெயிலைத்தான். அதை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு வழி உண்டு. டிசம்பர் மாதம் நண்பகலில் சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தெற்குப் பக்கம். லே நம் ஊரைவிட வெகுவாக வடக்கே இருப்பதால் அங்கே இன்னும் அதிகமாகச் சாய்ந்திருக்கும். அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரம்தான். அதனால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறையின் உள்பக்கம் வரைக்கும் நீண்டு விழும். ஜூன் மாதத்தில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே வந்துவிடும். அப்போது கூரையின் விளிம்பே நிழல் தந்து வெயிலைத் தடுத்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சரி, ராத்திரிக்கு என்ன செய்வது? அங்கேதான் சுவர் உதவுகிறது.

லடாக்கின் பல வீடுகளில் தெற்குச் சுவரைத் தடிமனாகக் கட்டி, கறுப்பு வண்ணம் பூசுவார்கள். அதற்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடி மாட்டுவார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகும். கறுப்புச் சுவர் அதை வாங்கிச் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் கண்ணாடி தடுக்கும். சூடு சுவருக்குள் மெதுவாக நகர்ந்து, பல மணி நேரம் கழித்து, இருட்டிய பிறகு அறைப் பக்கம் வந்து சேரும். இதற்கு 'டிராம்ப் சுவர்' என்று பெயர். ஃபெலிக்ஸ் டிராம்ப் என்ற பிரெஞ்சு அறிஞர் 1960-களில் இதைப் பிரபலமாக்கினார்.

புரிந்ததா? புரியாவிட்டால் மேலே உள்ள பத்தியை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். அவசரமே இல்லை.

வந்த சூட்டைத் தப்பவிடாமல் வைத்துக்கொள்வதும் முக்கியம். மாங்காயை வைக்கோலுக்குள் பழுக்கப் போடுவார்களே, அதற்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு மாங்காயிலிருந்தே வருகிறது. வைக்கோலுக்கு நடுவே சிக்கிய காற்று அதை வெளியே விடுவதில்லை. வீட்டுக் கூரையிலும் சுவரிலும் வைக்கோல், மரத்தூள் போன்றவற்றை அடைப்பது இதற்காகத்தான்.

வீட்டுக்குள் மாங்காய் யார் என்கிறீர்களா? நீங்கள்தான்! சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் உடம்பிலிருந்தே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. 20 பேர் இருந்தால் 2,000 வாட். ஒரு பெரிய ரூம் ஹீட்டர் தருகிற அளவு அது. பழைய லடாக்கி வீடுகளில் ஆடு மாடுகளைக் கீழ்த்தளத்தில் கட்டினார்கள். அவற்றின் உடல் சூடு மேல்தளத்துக்கும் கொஞ்சம் உதவியது. அந்தப் பெரியவர்களின் புத்தியை நினைத்தால் எனக்கு மிகவும் பெருமையாக இருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானல் செல்லங்களே, உங்களுக்கு ஒரு சோதனை. காற்று வீசும் நாளில் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். மூடிய ஜன்னல், கதவு ஓரங்களில் மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலையில் பட்டுவிடக் கூடாது. புகை நேராக ஏறினால் சரி. படபடவென்று வளைந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது. குளிர்காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. பழைய துணியைச் சுருட்டிக் கதவடியில் வையுங்கள். பகலில் வெயில் படும் ஜன்னலின் திரையைத் திறந்து வையுங்கள். பொழுது சாய்ந்ததும் மூடிவிடுங்கள். ஹீட்டர் ஓடும் நேரம் குறையும், மின்கட்டணமும் குறையும்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அடைத்த அறைக்குள் கணப்புச் சட்டியில் கரியை மூட்டிவிட்டுத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிர் தாங்கவில்லையா? இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், கண்ணுகளா.