அரிக்கமேட்டுக் கண்ணாடிக் கிண்ணம்

புதுச்சேரியின் வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், ரோமானியக் கண்ணாடிக் கலங்கள் சில்லுகளாகக் கிடைத்துள்ளன. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த மதுச்சாடி ஓடுகளும் இத்தாலியச் சிவப்பு மட்பாண்டங்களும் பெற்ற புகழ் இச்சில்லுகளுக்குக் கிட்டவில்லை.

ரோமானியக் கண்ணாடி என்றதும் ஊதிச் செய்த கலமே நினைவுக்கு வரும். அந்த உத்தி கி.மு. 1ஆம் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. குழாய் முனையில் உருகிய கண்ணாடியைச் சுருட்டியெடுத்து ஊதினால் சில நிமிடங்களில் ஒரு குவளை உருவாகிவிடும். அதனால் விலை சரிந்தது. ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் குவளை வாங்கலாம் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதினார்.

அரிக்கமேட்டுச் சில்லுகளில் தனித்துத் தெரிவது விலா வரிக் கிண்ணம். இது ஊதியதல்ல. வட்டத் தகடாக வார்த்த சூடான கண்ணாடியில் முதலில் வரிகளை எழுப்பிவிடுவார்கள். பிறகு அதைக் கவிழ்த்த கிண்ணம் போன்ற அச்சின் மேல் வைத்துச் சூடேற்றுவார்கள். பிசைந்த மாவுத்தட்டை குண்டானின் மேல் தொய்ந்து படிவதுபோல அது இறங்கிப் படியும். உட்புறத்தைச் சாணை பிடித்து மெருகேற்றுவதால் உள்ளே தடவினால் வழவழப்பு. வெளியே விரல் வரிசைபோல வரிகள் மேடாக நெருடும். ஊதிய கலத்தின் மெல்லிய சுவர் இதற்கில்லை. நீலமும் பச்சையும் கலந்த அதன் நிறம் மணலில் இயல்பாக இருந்த இரும்பின் வேலை.

இதே மேட்டில் கண்ணாடி மணிகளும் ஏராளமாகச் செய்யப்பட்டன. உருகிய கண்ணாடியைத் துளையுள்ள குழலாக நீளமாய் இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை உருட்டினார்கள். இழுக்கும்போதே துளை அமைந்துவிடுவதால் மணியைத் தனித்தனியே துளைக்க வேண்டியதில்லை. மழைக்குப் பின் மேற்பரப்பில் மின்னும் இம்மணிகளைப் பிள்ளைகள் பொறுக்கியதுண்டு; 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ-துப்ரேயின் கவனம் இங்கே திரும்பியதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பில்லாமல் எடுத்த மணி, காலம் சொல்லாத வெறும் அழகுப் பொருள்தான். ஆறு அரிக்கும் கரையிலிருந்து உதிரும் பொருள்களும் இப்படித்தான் தம் அடுக்கை இழக்கின்றன.

அரிக்கமேட்டில் மணி செய்யும் தொழில் நின்றுவிட்டது. ஆந்திரத்தின் பாபநாயுடுபேட்டையில் மட்டும், அதே முறையில் கண்ணாடிக் குழல் இழுக்கும் குடும்பங்கள் அண்மைக்காலம் வரை இருந்தன.