ஊர்ப்பேச்சைக் கேட்ட ஆச்சி

ஆச்சி என்று அழைக்கப்பட்ட நடிகை மனோரமா 2015 ஒக்டோபர் 10ஆம் திகதி சென்னையில் காலமானபோது அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் முதலில் சொன்னது ஓர் எண்ணைத்தான்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அடுத்து, ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமை. அண்ணாவோடும் கருணாநிதியோடும் நாடக மேடையில்; எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோரோடு திரையில். இவை உண்மையே. ஆனால் இந்தக் கணக்கு அவர் எவ்வளவு உழைத்தார் என்பதைச் சொல்லும். என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. அவர் செய்த பெரிய காரியம் வேறு. எழுத்துத் தமிழும் மேடைத் தமிழும் கோலோச்சிய இடத்தில், சாதாரணப் பெண்கள் வாசலிலும் அடுப்படியிலும் பேசுகிற தமிழைக் கூர்ந்து கேட்டு, அதை நடிப்பின் மூலப்பொருளாக ஆக்கினார். அவரை நாம் நினைவில் வைக்க வேண்டியது இதற்காகத்தான். கிழக்கிலங்கையில் முஸ்லிம்கள் வாழும் கிண்ணியா போன்ற ஊர்களுக்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு பாடம் இருப்பதும் இங்கேதான்.

மன்னார்குடியில் 1937 மே 26ஆம் திகதி பிறந்த அவருடைய இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்ட பின் தாயும் மகளும் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் குடியேறினார்கள். தாய் வீட்டு வேலை செய்து பிழைத்தார். தாய் நோயில் விழுந்ததும் மகளின் படிப்பும் நின்றது. ஊருக்கு வந்த நாடகக் குழு ஒன்றுக்குப் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுமி மேடையேறினாள். மனோரமா என்ற பெயரும் நாடகம் கொடுத்ததுதான். பின்னர் அவர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்துப் பெயர் பெற்றார். கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' 1958இல் வந்தபோதுதான் திரைக்கு வந்தார். நாடகக்காரி என்பதே வசவாக இருந்த காலம் அது. ஒலிபெருக்கி எட்டாத கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும், சபை அசந்தால் அதே நொடியில் அதைத் தட்டியெழுப்ப வேண்டும். குரலை ஆள்கிற வித்தையை அவர் கற்ற இடம் அந்த மேடை.

அந்த வித்தை எங்கே கனிந்தது என்பதை 1968ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டே காட்டலாம். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவர் ஜில் ஜில் ரமாமணி. ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறவள். நாதசுர வித்துவான் சண்முகசுந்தரத்தின் எதிரே வந்து நிற்கும்போது பேச்சை இழுத்து, நெளிந்து, பாராட்டையும் வெகுளித்தனத்தையும் ஒரே மூச்சில் கொட்டுகிறாள். எதிரே நிற்பவர் சிவாஜி கணேசன். ஆயினும் கண் ரமாமணியை விட்டு அகல்வதில்லை. அதே ஆண்டு வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைச் சேரிப் பேச்சில் அவரே சொந்தக் குரலில் ஒரு பாட்டைப் பாடினார். தஞ்சைச் சீமையில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு இரண்டுமே தாய்வீட்டுப் பேச்சு அல்ல. காதால் கேட்டுக் கற்றவை. சொல்லை மட்டும் கடன் வாங்கியிருந்தால் அது வெறும் மிமிக்ரி. பேசுகிறவளின் தோரணை, பயம், பெருமை எல்லாம் கூடவே வந்ததால் அது நடிப்பு.

மறுப்புகள் உண்டு. அவர் சத்தமாக நடித்தார், ஆயிரம் படங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை, பட்டிக்காட்டுப் பேச்சைச் சிரிப்புப் பொருளாக்கியதில் அவருக்கும் பங்குண்டு என்பார்கள். முதல் இரண்டையும் ஓரளவு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நகைச்சுவை நடிகைக்கு அன்றைய சினிமா ஒதுக்கிய இடமே அவ்வளவுதான். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாக வந்தவரை அது மீண்டும் பக்கத்துப் பாத்திரங்களுக்கே அனுப்பியது. மூன்றாவது குற்றச்சாட்டை ஏற்க முடியாது. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் அவர் வேலைக்காரி கண்ணம்மா. சம்பந்தியோடு அவள் மல்லுக்கு நிற்கிற காட்சியில் அரங்கம் வெடித்துச் சிரித்தது. ஆனால் அடிபடுவது கண்ணம்மாவின் பேச்சு அல்ல, எதிரே நிற்பவரின் வீம்பு. படித்தவர்கள் கூடிப் பேசியும் அவிழ்க்காத முடிச்சை அந்த வேலைக்காரியின் வாய் அவிழ்க்கிறது. சிறு வயதில் வீட்டு வேலையின் வலியை அறிந்தவர், அந்தப் பாத்திரத்தைக் கூனிக் குறுகி நிற்க விடவில்லை. 'புதிய பாதை' (1989) படத்துக்கு அவருக்குக் கிடைத்த தேசிய விருது, சிரிப்புக்கு அப்பாலும் அவர் நடிகை என்பதற்குச் சான்று. பின்னாளில் சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார். குரல் வசப்பட்டவருக்குத் திரையின் அளவு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

இந்திய நடிகை ஒருவரால் நமக்கு என்ன என்று கேட்கலாம். பாலம் வருவதற்கு முன், பாதை எனும் மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்த கிண்ணியாவுக்கும் சினிமாவைக் கொண்டுவந்து சேர்த்ததில் வானொலிக்குப் பங்குண்டு. இலங்கை வானொலி ஒலிபரப்பிய படங்களின் ஒலிச்சித்திரங்களில் முகம் இல்லை, உடை இல்லை, குரல் மட்டும்தான். அந்தக் கடுமையான சோதனையிலும் கண்முன்னே ஆளைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடியவை மனோரமாவின் பாத்திரங்கள். நமது நாட்டுக் கலைஞர்களும் பேச்சுத் தமிழின் வலிமையை அறிந்தே இருந்தார்கள். வானொலியில் பிறந்து 1976இல் திரைப்படமான 'கோமாளிகள்' அதற்குச் சாட்சி; மரைக்காராக ராமதாஸ் முஸ்லிம்களின் பேச்சையும், அப்புக்குட்டியாக ராஜகோபால் யாழ்ப்பாணப் பேச்சையும் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். அந்தப் படத்தில் நடித்த கமலினி செல்வராசன் மேடை, வானொலி, ரூபவாஹினித் தொலைக்காட்சி என்று எல்லாவற்றிலும் உழைத்து, மனோரமா மறைந்த அதே 2015இல், ஏப்ரல் மாதத்தில் மறைந்தார். திறமைக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை.

இருந்தும் ஒரு குறை தீரவில்லை. மரைக்காரின் பேச்சு ஓர் ஆணின் பேச்சு. அதுவும் சிரிப்பதற்கென்றே வந்த பேச்சு. உம்மாவும் ராத்தாவும் சாச்சியும் கிண்ணியாவின் முற்றங்களில் பேசுகிற தமிழ், அதன் கோபத்தோடும் துக்கத்தோடும் கேலியோடும், ஒரு முழுப் பாத்திரமாக நமது திரையில் இன்னும் இடம்பிடிக்கவில்லை. நாடகம் எழுதும்போது நம்மவர்களே அதைத் திருத்திப் பொதுத் தமிழாக்கிவிடுகிறார்கள். எல்லாருக்கும் புரிய வேண்டாமா என்பது அவர்கள் சொல்லும் காரணம். சென்னைச் சேரிப் பேச்சு கிண்ணியாவில் புரிந்தது. நமது பேச்சு சென்னையில் ஏன் புரியாது? சொல் புரியாத இடத்தில் நடிப்பு புரியவைக்கும் என்பதைத்தான் மனோரமா தம் வாழ்நாள் முழுக்க நிரூபித்தார். பெண்கள் மேடையேறுவது நமது ஊர்களில் எளிதல்ல என்பது மெய். ஆனால் எழுதுவதற்கும் வானொலிக்குக் குரல் கொடுப்பதற்கும் மேடை தேவையில்லை. பள்ளிக்கூட நாடகத்தில் ஒரு பிள்ளை தன் மூத்தம்மாவைப் போலப் பேசினால், அதைத் திருத்தாமல் விடுவது முதல் படி. பள்ளத்தூரில் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடமும் இருந்தவை ஒரு குரலும், ஊர் பேசுவதை மதித்துக் கேட்ட ஒரு காதும்தான்.