ஆளில்லா அறையும் ஓயாக் குளிரூட்டியும்

கேகாலையிலிருந்து வரும் பெருந்தெரு, அவிசாவளை–நுவரெலியாத் தெருவோடு கூடுமிடம் கரவனெல்ல. அதன் அருகே ஓடும் களனி கங்கையின் நீர், இவ்வூரை அடையுமுன்னரே பெரும்பணியொன்றை ஆற்றிவிடுகின்றது. மலைநாட்டு நீரிலிருந்து மின் பெறலாம் என டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது, பழைய மஸ்கெலியா நகரும் அதன் கோயிலும் நீருள் மறைந்தன. நீர் வற்றுங்காலை அவற்றின் இடிபாடுகள் இன்றும் வெளித்தோன்றும். ஆதலின் மின் என்பது பெருவிலை கொடுத்துப் பெற்ற பொருளாகும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் தடைப்பட்டபோது அதன் அருமையை நாடு முழுதும் உணர்ந்தது.

இத்தகைய மின் விடுதிகளில் வீணாவது எங்ஙனம்? கித்துல்கலைக்கு வரும் விருந்தினர் காலையில் ஆற்றுக்குச் சென்று மாலையில் மீள்வர். அவர்தம் அறையில் குளிரூட்டியோ ஓயாது இயங்கும். அது சராசரி 800 உவாற்று மின்னை உண்பதெனக் கொள்வோம். ஆறு மணி நேரத்தில் 4.8 அலகு செலவாகும்; இருபது அறைகளுக்கு 96 அலகு. ஒன்பது உவாற்று மின்குமிழ்கள் ஐந்து அதே நேரம் எரியின் 0.27 அலகே செலவாகும். எனவே, விளக்கை அணைத்தல் நன்றாயினும், குளிரூட்டியை அடக்குதலே தலையாய பணி என்பது தெளிவு.

கதவருகே திறப்பட்டையைச் செருகினாலன்றி மின் வாராத ஏற்பாடு சில விடுதிகளில் உண்டு. ஆயின், வேறோர் அட்டையைச் செருகிவிட்டு வெளிச்செல்வார் பலர். இக்குறையை நீக்க வந்ததே இருப்புணர் கருவி.

மனித உடல் தன் வெப்பத்தாற் செந்நிறக்கீழ்க் கதிர்களை இடையறாது வீசுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத இக்கதிர்களை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். கருவியின் முகப்பிலுள்ள வில்லை, அறையைப் பல வலயங்களாகப் பகுத்துக் காண்கின்றது. ஒருவர் ஒரு வலயத்தினின்றும் மற்றொன்றுக்கு நகரும்போது, உள்ளிருக்கும் பளிங்கில் மின்மாற்றம் தோன்றும். அம்மாற்றமே ஆளுண்மைக்குச் சான்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். உறங்குபவர் அசையாரன்றோ? அவரை இல்லாதவராகக் கருதிக் குளிரூட்டி நின்றுவிடின், நள்ளிரவில் வியர்த்து விழிப்பாரன்றோ? உண்மையே. அதனாற்றான் கதவிலும் ஓர் உணரியைப் பொருத்துவர். கதவு மூடியபின் ஒருமுறை அசைவு காணப்படின், மீண்டும் அது திறக்குமளவும் அறையில் ஆள் உண்டு எனக் கருவி கொள்ளும். மூடியபின் குறித்த சில நிமிடங்கள் அசைவே இல்லையாயின், அறை வெறிது எனத் துணியும்.

அறை வெறிதாயினும் குளிரூட்டியை முற்றாக நிறுத்துதல் தகாது. மழை மிக்க சபரகமுவவில், ஈரம் தங்கிய அறையிற் பூஞ்சணம் படரும். ஆகவே 24 பாகையில் நின்ற வெப்பநிலையை 28 பாகைக்கு உயரவிடுதலே முறை. விருந்தினர் மீண்டதும் அறை விரைவிற் குளிரும்.

இக்கருவி படம் பிடிப்பதன்று. எவர் உளர் என்பதை அறியாது, எவரேனும் உளரா என்பதையே அறியும். இதனை விருந்தினர்க்கு முன்னரே உரைத்தல் விடுதியாளர் கடமை.

விடுதியில் மிஞ்சும் ஒவ்வோர் அலகும், மலையில் தேங்கி நிற்கும் நீராகவோ எரியாது எஞ்சும் எண்ணெயாகவோ நாட்டுக்கு மீள்கின்றது. ஓர் ஊரை மூழ்குவித்துப் பெற்ற மின்னை, ஒருவருமற்ற அறையைக் குளிர்விக்கச் செலவிடுதல் அறமாமோ? கருவி இல்லாவிடத்தும், அறையை நீங்குமுன் ஆளியை அணைக்கும் கை நம்மிடம் உண்டு. அப்பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கைக்கொள்ளல் நன்று.